எடிட்டர் திறக்க எத்தனை நொடி? முதலில் எண்ணிப் பாருங்கள்

"எடிட்டர் திறக்க மூன்று நொடி ஆகிறது. அதனால் என்ன குடி முழுகிவிட்டது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "கண் சிமிட்டுவதற்குள் திறக்காவிட்டால் அது எடிட்டரே இல்லை" என்று சண்டைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சியிலும் என் பழைய மாணவர்கள் உண்டு. எனக்கு இரண்டு கட்சியோடும் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். நிரல் எழுதாதவர்கள் இத்தோடு விலகிப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதும் எடிட்டர் மெதுவாகத் திறந்தால், பெரும்பாலும் குற்றம் எடிட்டருடையது அல்ல, கணினியுடையதும் அல்ல. நாம் அதன் தலையில் ஏற்றிவைத்த சுமைதான் காரணம். அளக்காமல் அந்தச் சுமையைக் குறைக்க முடியாது. அளந்துவிட்டால் குறைப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

முதலில் கணக்கு. கணக்கு இல்லாமல் இந்த விவாதம் வெறும் வாய்ச்சண்டை.

காலையில் எடிட்டரைத் திறந்து மாலையில் மூடுகிறவருக்கு மூன்று நொடி என்பது ஒன்றுமே இல்லை. அவர் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பது வீண். ஆனால் டெர்மினலிலேயே வாழ்கிறவர் வேறு ரகம். ஒவ்வொரு கிட் கமிட்டுக்கும் செய்தி எழுத எடிட்டர் திறக்கிறது. சர்வரில் ஒரு வரி மாற்ற எடிட்டர் திறக்கிறது. அவர் ஒரு நாளைக்கு 40 தடவை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடி வீதம் 120 நொடி, அதாவது இரண்டு நிமிடம். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 500 நிமிடம். எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

"பார்த்தீர்களா, ஒரு முழு வேலை நாள் போகிறது!" என்று சிலர் குதிப்பார்கள். அவசரப்படாதீர்கள். இதைச் சரிசெய்ய இரண்டு முழு நாள் உட்கார்ந்தால், போட்ட முதலை எடுக்கவே இரண்டு வருடம் ஆகும். ஆக, நேர மிச்சம் என்ற வாதம் தனியாக நிற்காது.

நிற்கிற வாதம் வேறொன்று. மனித-கணினி உறவை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-ல் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை காத்திருந்தாலும் சிந்தனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இதில் நமக்கு முக்கியமானது அந்த நடு எல்லை. மூன்று நொடியில் போவது மூன்று நொடி அல்ல, கையில் பிடித்திருந்த யோசனையின் நூல். அறுந்த நூலைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும். எனவே என் இலக்கு ஒரு நொடி. அதற்குள் வந்துவிட்டால் போதும். அதற்குக் கீழே நடப்பது விளையாட்டுப் போட்டி.

இந்தப் பிரச்சினை இன்றைக்கு முளைத்ததும் அல்ல. பில் ஜாய் 1976-ல் பெர்க்லியில் 'வி' எடிட்டரை எழுதிய காலத்தில் 300 பாட் மோடத்தில் வேலை பார்த்தவர். நொடிக்கு 30 எழுத்துதான் வரும். 80 எழுத்து அகலம், 24 வரி கொண்ட திரையில் 1,920 எழுத்துகள். முழுத் திரையை ஒருமுறை நிரப்பவே ஒரு நிமிடத்துக்கு மேல். அந்த வறுமையில் பிறந்ததால்தான் 'வி' கட்டளைகள் ஓரெழுத்தும் ஈரெழுத்துமாகச் சிக்கனமாக இருக்கின்றன. இன்று 'விம்' பயன்படுத்துகிறவர்கள் அந்தச் சிக்கனத்தைச் சொத்தாகப் பெற்றவர்கள்.

ஈமாக்ஸ் கதை இன்னும் சுவையானது. அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்தனை லிஸ்ப் கோப்புகளையும் படித்தால் பழைய கணினிகளில் விடிந்துவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். மென்பொருளை உருவாக்கும் நேரத்திலேயே அந்தக் கோப்புகளை ஏற்றி, நினைவகம் அப்போது இருக்கும் நிலையை அப்படியே ஒரு கோப்பாக இறக்கி வைத்துவிட்டார்கள். நீங்கள் திறக்கும்போது அந்த நிலையிலிருந்தே வேலை தொடங்கும். இட்லி மாவை முதல் நாள் இரவே அரைத்து வைப்பது போல. பல ஆண்டுகள் ஓடிய அந்தத் தந்திரம், சி மொழி நூலகத்தின் உள்விவகாரங்களோடு பின்னிக்கொண்டு தொல்லை தர ஆரம்பித்தது. 2020-ல் வந்த ஈமாக்ஸ் 27 அதற்குப் பதிலாக 'போர்ட்டபிள் டம்பர்' என்ற புதிய முறைக்கு மாறியது. யோசனை அதேதான்: திறக்கும் நேரத்தில் செய்யத் தேவையில்லாததை முன்கூட்டியே செய்துவிடு.

முன்கூட்டியே செய்வது ஒரு வழி. தேவைப்படும் வரை செய்யாமல் இருப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி எவ்வளவு முக்கியம் என்பதை ஆட்டம், வி.எஸ். கோட் என்ற இரண்டு எடிட்டர்களை வைத்துப் பார்க்கலாம்.

கிட்ஹப் நிறுவனம் 2014-ல் ஆட்டத்தை அறிமுகப்படுத்தியது. அழகான எடிட்டர். எதையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக உருவான அடித்தளம்தான் பின்னால் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரலில் வி.எஸ். கோடை அறிவித்தது. அதுவும் அதே எலக்ட்ரான் மீது கட்டியதுதான். ஒரே அஸ்திவாரத்தில் இரண்டு வீடு. ஆனால் ஆட்டம் மெதுவாகத் திறக்கிறது என்ற முணுமுணுப்பு கடைசி வரை ஓயவில்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை. எந்த பேக்கேஜ் எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று காட்ட 'டைம்காப்' என்ற கருவியை உள்ளேயே வைத்தார்கள். 2017-ல் வந்த 1.17 பதிப்பில், ஈமாக்ஸ் செய்தது போலவே, முன்பே ஏற்றிய நிலையைப் படமெடுத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பேக்கேஜ்கள் எடிட்டர் ஜன்னல் இருக்கும் அதே இடத்தில்தான் ஓடின. ஒன்று இழுத்தால் எல்லாம் இழுக்கும்.

வி.எஸ். கோட் கட்டியவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். எக்ஸ்டென்ஷன்கள் தனி ப்ராசஸில் ஓடும். அதோடு, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் "என்னிடம் இந்தக் கட்டளைகள் உண்டு, இந்த மெனு உண்டு, பைத்தான் கோப்பு திறந்தால் மட்டும் என்னை எழுப்பு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எடிட்டர் அந்தத் தாளை மட்டும் படித்து மெனுவைக் காட்டிவிடும். எக்ஸ்டென்ஷனின் நிரல் அப்போது ஓடவே ஓடாது. வகுப்பறைப் பாணியில் சொன்னால், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். முதல் மணி அடித்ததும் எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் வந்து நிற்க வேண்டியதில்லை.

ஆட்டத்தின் மறைவுக்கு வேகம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஒரு முதலாளிக்கு இரண்டு எடிட்டர் எதற்கு? 2022 டிசம்பர் 15-ல் ஆட்டம் மூடப்பட்டது. ஆனால் அதை உருவாக்கியவர்களில் சிலர் அடுத்துக் கட்டிய 'ஜெட்' எடிட்டரை எலக்ட்ரானைத் தொடாமல் ரஸ்ட் மொழியில் எழுதினார்கள், வேகத்தையே முதல் குறிக்கோளாக அறிவித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, நம் எடிட்டருக்கு வருவோம். அந்த மூன்று நொடி எங்கே போகிறது?

முதல் இடம், ஹார்ட் டிஸ்க். பழைய லேப்டாப்களில் இருக்கும் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று. அதற்கு முன் ஊசி நகர வேண்டும். ஆக, ஒரு சின்னக் கோப்பைத் தேடி எடுக்க 10 மில்லி நொடிக்கு மேல். உங்கள் ப்ளகின்கள் 300 சின்னக் கோப்புகளாகச் சிதறிக் கிடந்தால் மூன்று நொடி அங்கேயே போயிற்று. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே இல்லை என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடும். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர் "எனக்கு வேகமாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது, தேடும் வேலை. ஈமாக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஃபோல்டர். ஒரு கோப்பு வேண்டும் என்றால் ஃபோல்டர்களை வரிசையாகத் தட்டி, "நீ இங்கே இருக்கிறாயா?" என்று இரண்டு மூன்று பின்னொட்டுகளோடு கேட்கும். கூடவே வந்த சொந்தக் கோப்புகள் வரிசையின் கடைசியில் இருக்கும். நூறு பேக்கேஜ் வைத்திருந்தால், ஒரு சொந்தக் கோப்பை எடுக்க நூறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். லினக்ஸில் இந்தக் கதவு தட்டல் சீக்கிரம் முடியும். விண்டோஸில், அதிலும் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் சோதனை போடும்போது, நேரம் இழுக்கும்.

மூன்றாவது, உண்மையான வேலை: நிரலை ஓட்டுவது, நினைவகத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வது. நான்காவது, வெளியாருக்காகக் காத்திருப்பது. திறக்கும்போதே அப்டேட் இருக்கிறதா என்று நெட்வொர்க்கைக் கேட்கும் ப்ளகின்கள் உண்டு. தொலைவில் இருக்கும் சர்வரில் விம் திறந்தால், கிளிப்போர்டுக்காக எக்ஸ் சர்வரோடு பேசிப் பார்க்கும். அந்த இணைப்பு மந்தமாக இருந்தால் எடிட்டரும் நிற்கும். பெரிய எக்ஸ் எழுத்தை ஒரு சுவிட்சாகக் கொடுத்துத் திறந்தால் அந்தப் பேச்சே நடக்காது. ஒரே ஓர் எழுத்தில் தீரும் நோய்க்கு முழு செட்டிங்ஸையும் மாற்றி எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் அளங்கள். கருவிகள் கூடவே வருகின்றன, தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

1. எந்த எடிட்டராக இருந்தாலும், செட்டிங்ஸ் எதுவும் இல்லாமல் வெறும் எடிட்டரைத் திறந்து பாருங்கள். ஈமாக்ஸில் பெரிய க்யூ சுவிட்ச், விம்மில் 'க்ளீன்', வி.எஸ். கோடில் 'டிஸேபிள் எக்ஸ்டென்ஷன்ஸ்'. இதுதான் அடித்தளம். உங்கள் நேரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றிய சுமை. வெறும் எடிட்டரே மெதுவாக இருந்தால் மட்டும் கணினியைக் குறை சொல்லுங்கள்.

2. அளவை இரண்டு முறை எடுங்கள். கணினியைப் போட்டதும் ஒருமுறை, மூடித் திறந்து இன்னொரு முறை. இரண்டாம் முறை வேகமாக இருக்கும், ஏனென்றால் கோப்புகள் ஏற்கெனவே ராமில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது என்றால் சிக்கல் டிஸ்க்கில். வித்தியாசம் சிறிது என்றால் சிக்கல் நிரலில். இந்த ஒரு சோதனை பாதி விடையைச் சொல்லிவிடும்.

3. பிறகு யார் குற்றவாளி என்று பாருங்கள். விம்முக்கும் நியோவிம்முக்கும் 'ஸ்டார்ட்அப்டைம்' என்ற சுவிட்சோடு ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால், எந்தக் கோப்பு எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று வரிவரியாக எழுதித் தரும். ஈமாக்ஸில் 'ஈமாக்ஸ் இனிட் டைம்' மொத்த நேரம் சொல்லும். பதிப்பு 29 முதல் கூடவே வரும் 'யூஸ் பேக்கேஜ்' ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனிக்கணக்குக் காட்டும். வி.எஸ். கோடில் 'ஸ்டார்ட்அப் பெர்ஃபார்மன்ஸ்', 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இரண்டு கட்டளைகள். அதிலேயே 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று ஒன்று உண்டு. பாதி எக்ஸ்டென்ஷன்களை அணைத்து, "இப்போது சரியா?" என்று கேட்கும். 64 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறே கேள்வியில் குற்றவாளி பிடிபடும். பதினோராம் வகுப்பில் பைனரி தேடல் எதற்கு என்று கேட்டவர்களே, இதற்குத்தான்.

அளந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்று தெரியவரும். ஐம்பது ப்ளகினில் இரண்டோ மூன்றோதான் பாதி நேரத்தைத் தின்கின்றன. அவற்றில் ஒன்று நீங்கள் மறந்தே போனதாக இருக்கும். எனவே முதல் வைத்தியம் நீக்குவது. இரண்டாவது, தேவைப்படும்போது எழும்படி வைப்பது. விம் 7 முதல் ஆட்டோலோட் இருக்கிறது, விம் 8 முதல் விருப்பப் பேக்கேஜ் வசதி இருக்கிறது. ஈமாக்ஸுக்கு ஆட்டோலோட் பழைய பழக்கம். மூன்றாவது, சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது. ஈமாக்ஸ் 27-ல் வந்த 'பேக்கேஜ் க்விக்ஸ்டார்ட்' எல்லா பேக்கேஜ்களின் ஆட்டோலோட் குறிப்புகளையும் ஒரே கோப்பாகத் தைத்துவிடும். நியோவிம் 0.9-ல் வந்த 'லோடர்' தொகுத்த லுவா நிரலைச் சேமித்துவைக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நீக்க வேண்டியதை வேகப்படுத்துவது வெட்டி வேலை.

இனி, நான் கசப்பாகச் சொல்ல வேண்டிய பகுதி. இணையம் முழுக்க "இந்த ஐந்து வரியைப் போடு, எடிட்டர் பறக்கும்" என்ற மந்திரங்கள் உலவுகின்றன. ஈமாக்ஸில் புகழ்பெற்றது குப்பைக் கூட்டல் வரம்பு. இயல்பில் 8,00,000 பைட் சேர்ந்ததும் ஈமாக்ஸ் நினைவகத்தைப் பெருக்கத் தொடங்கும். திறக்கும் நேரத்தில் நினைவகம் நிறையச் செலவாவதால் பலமுறை பெருக்க வேண்டிவரும். அந்த வரம்பைத் திறக்கும்போது மட்டும் உயர்த்திவிட்டுப் பிறகு இறக்கினால் பலன் உண்டு; நல்ல யோசனைதான். ஆனால் முதல் பாதியைக் காப்பியடித்தவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். வரம்பு உயரத்திலேயே நிற்கிறது. குப்பை மலையாகச் சேர்ந்து, தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது ஒரே அடியாகப் பெருக்கல் நடக்கிறது. திறக்க அரை நொடி லாபம். நாள் முழுக்க விக்கல்.

இன்னொரு ஏமாற்று, தள்ளிப்போட்டுவிட்டு "0.2 நொடியில் திறக்கிறது" என்று படம் போடுவது. ஜன்னல் 0.2 நொடியில் வந்தது. அடுத்த நொடியே தள்ளிப்போட்ட மூட்டையெல்லாம் ஒன்றாக இறங்கி, விசை அழுத்தினால் எழுத்து வரவில்லை. கதவைத் திறந்துவிட்டு விருந்தாளியை வாசலிலேயே நிற்கவைப்பது போல. ஜன்னல் தெரியும் நேரத்தை அளக்காதீர்கள். நீங்கள் முதல் எழுத்தை அடித்து, அது திரையில் வரும் வரை அளங்கள்.

"ஈமாக்ஸை ஒருமுறை திறந்து டீமனாக விட்டுவிடலாமே?" என்பார்கள். 2009-ல் வந்த பதிப்பு 23 முதல் இருக்கும் நல்ல வசதி. ராம் தாராளமாக உள்ளவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அது சுமையைக் குறைப்பதில்லை, நிரந்தரமாகத் தோளில் வைத்துக்கொள்வது. சின்னக் கணினியில் அந்த இடம் உலாவிக்கும் வேண்டும், கம்பைலருக்கும் வேண்டும்.

சின்னக் கணினி என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? நான் அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தியவன். 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த கணினிதான் எத்தனையோ வீடுகளில் முதல் கணினி. அதில் சுற்றுகிற டிஸ்க்தான். இன்றும் அக்காவுடையதை வாங்கி அதில் படிக்கும் தம்பிகள் உண்டு. அந்தப் பிள்ளை ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்ன இருபது எக்ஸ்டென்ஷனையும் போடுகிறது. எடிட்டர் அரை நிமிடம் விழிக்கிறது. குருவி தலையில் பனங்காய். அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? "நிரல் எழுத விலை உயர்ந்த கணினி வேண்டும்போல. நமக்கு ஒத்துவராது." இந்தத் தவறான முடிவுதான் என்னை எழுத வைக்கிறது. சில நொடிகளைக் குறைப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பிள்ளைக்கு அது படிப்பைத் தொடர்வதா விடுவதா என்ற கேள்வி.

அதனால் மூன்று தரப்புக்கு ஒரு வேண்டுகோள்.

ப்ளகின் எழுதுகிறவர்களே, எடிட்டர் திறந்ததும் என்னையும் எழுப்பு என்று நட்சத்திரக் குறி போடாதீர்கள். உங்கள் ப்ளகின் ஒன்றுக்கு 50 மில்லி நொடிதான். உங்களைப் போல இருபது பேர் வந்தால் ஒரு நொடி. பழைய டிஸ்க் உள்ள கணினி ஒன்றில், போட்டதும் முதல்முறை திறந்து சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.

கற்றுக்கொடுக்கிற தம்பி தங்கைகளே, முதல் வகுப்பில் வெறும் எடிட்டரைக் கொடுங்கள். குறை உணரும்போது ஒன்று சேர்க்கட்டும். தான் சேர்த்தது எது, ஏன் சேர்த்தோம் என்று தெரிந்த பிள்ளைக்கு எதை நீக்கலாம் என்பதும் தெரியும். அடுத்தவர் செட்டிங்ஸை மொத்தமாக இறக்குமதி செய்வது, விடைத்தாளைக் காப்பியடிப்பது போலத்தான். மார்க் கிடைக்கும், பாடம் ஏறாது.

வேலையில் இருக்கும் என் மாணவர்களே, ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அளங்கள், இரண்டு குற்றவாளியை நீக்குங்கள், மீண்டும் அளங்கள், ஒரு நொடிக்குள் வந்ததும் கையைக் கழுவிவிட்டு நிரல் எழுதப் போங்கள்.

வீட்டுப்பாடம்: உங்கள் எடிட்டர் பெயர், டிஸ்க் வகை, முன்பு எத்தனை நொடி, பின்பு எத்தனை நொடி, எதை நீக்கினீர்கள். ஐந்தையும் கீழே எழுதுங்கள். "இப்போது வேகமாக இருக்கிறது சார்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. எண் வேண்டும்.